கீழ்மூலைக் கையெழுத்து

கேலிச்சித்திரம் ஒன்றை வரைந்து முடித்த நொடியிலேயே அது வரைந்தவரின் சொத்தாகிவிடுகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு மனு கேட்பதில்லை, முத்திரைக் கட்டணமும் கேட்பதில்லை. ஆசைப்பட்டால் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் பதிந்து வைக்கலாம். 2012 முதல் அந்த வசதி உண்டு. பதியாவிட்டாலும் உரிமை உரிமைதான். அது எத்தனை காலம் நிற்கும் என்பதில்தான் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. சட்டத்தின் கணக்குப்படி, வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அவர் போனபின் இன்னும் 50 ஆண்டுகள். கெப்பாலா பத்தாஸ் கணக்குப்படி, படம் முகநூலில் ஏறியதிலிருந்து மேசைமேல் இருக்கும் தே தாரிக் ஆறும்வரை.

கெப்பாலா பத்தாஸ் பினாங்கு மாநிலத்தில் இருக்கிறது, பினாங்குத் தீவில் இல்லை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே, மூடா ஆற்றுக்குத் தெற்கே, வட செபராங் பிறையில் இருக்கும் ஊர். நாட்டின் 5ஆவது பிரதமர் அப்துல்லா அகமட் படாவி 1978 முதல் 2013 வரை நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தது இந்தத் தொகுதியின் பெயரால்தான். பிரதமரையே தந்த ஊர் என்பதால், பிரதமர்களைக் கேலி செய்யும் படங்களை இங்கே கொஞ்சம் உரிமையோடுதான் பார்ப்பார்கள். வரைகிறவர்கள் குறைவு, அனுப்புகிறவர்கள் ஏராளம். கேலிச்சித்திரக்காரருக்குத் தம் படத்தின்மேல் எவ்வளவு பிடி இருக்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

ரசிகர் வேறு, கள்ளப்பதிப்பாளர் வேறு. கள்ளப்பதிப்பாளர் படத்தைப் பனியனில் அச்சிட்டு பாசார் மாலாமில் விற்றுக் காசு பார்க்கிறார். அவர்மேல் கோபப்படுவது சுலபம். ரசிகருக்கு ஒரு சென் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து, தாமான் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு, சம்பந்தி வீட்டுக் குழு என்று நான்கிலும் படத்தைப் போட்டுவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறார். எல்லாம் அன்பினால் செய்வது. அன்பினால் செய்யும் காரியத்தை வழக்கறிஞர் நோட்டீஸால் நிறுத்துவது கஷ்டம். நிறுத்தினாலும், அடுத்த கல்யாணப் பந்தியில் அவர்தான் எதிர் இலையில் உட்கார்ந்திருப்பார்.

கைமாறக் கைமாறப் படம் என்ன ஆகிறது என்பதற்குத் தைப்பூசப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வரைந்தவர் உள்ளூர்க்காரர், வார நாள்களில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் படத்திலேயே அது தங்கவில்லை. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் பந்தலுக்குப் பந்தல் சிரப்பும் மோரும் வாங்கிக் குடித்துக்கொண்டே ஒரு பக்தர் வருகிறார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வரிசை.

“சாமி பார்க்கிற வரிசை இதானாண்ணே?”

“இது கழிவறைக்குத் தம்பி. சாமி வரிசை அந்தப் பக்கம், அது சின்னதுதான்.”

கீழ் வலது மூலையில், வேல் வடிவத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து.

முதல் நாள் படம் முழுசாகத்தான் போனது. இரண்டாம் நாள் யாரோ திரையைப் படமெடுத்து அனுப்பியதில், மேலே ‘பேட்டரி 12%’ என்ற வரியும் படத்தோடு சேர்ந்துகொண்டது. மூன்றாவது கை அந்த வரியை வெட்டியது; மேலே வெட்டிய அளவுக்குக் கீழேயும் வெட்டினால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று கீழேயும் வெட்டியது. கையெழுத்து போயிற்று. நான்காவது கை மயிலிறகும் மினுமினுக்கும் ‘இனிய தைப்பூச நல்வாழ்த்துகள்’ வரியும் சேர்த்தது. ஐந்தாவதாக வந்தவர் கார் காப்புறுதி முகவர். தம் முகத்தையும் ஃபோன் நம்பரையும் அவர் ஒட்டிய இடம், வேல் கையெழுத்து இருந்த அதே மூலை. காலியிடத்தைக் காப்புறுதிக்காரர் கண்ணிலிருந்து காப்பாற்ற முடியாது. படத்தில் வரிசையின் கடைசியில் நின்ற குழந்தை இப்போது பாதிதான் தெரிந்தது. அந்தக் குழந்தையின் முகத்தில்தான் வரைந்தவர் அரை மணி நேரம் செலவழித்திருந்தார்.

ஆறாவது கை வரைந்தவரின் தாய்மாமா. ‘யாரோ நம்ப ஆளுதான் போட்டிருக்கான், நல்லா சிரிங்க’ என்ற குறிப்போடு குடும்பக் குழுவில் போட்டார். மருமகன் அன்று மாலையே வீட்டுக்குப் போனார்.

“மாமா, அந்தத் தண்ணீர்மலைப் படம், அது நான் வரைஞ்சது.”

“நீயா? பேரு இல்லியே.”

“வெட்டிட்டாங்க மாமா.”

“அதான் காப்புறுதிக்காரர் பேரு இருக்கே. அவருதான் போட்டாருன்னு நெனச்சேன்.”

“அவரு ஃபோன் நம்பரை மட்டுந்தான் போட்டாரு.”

“சரி விடு. அடுத்த தடவை பேரைக் கொஞ்சம் பெரிசாப் போடு. படத்தை மறைக்காமப் போடு, என்னா.”

இவ்வளவு சுருக்கமான பதிப்புரிமை ஆலோசனை எந்த வழக்கறிஞரிடமும் கிடைக்காது. கட்டணமும் இல்லை, ஒரு காப்பி வேறு கிடைத்தது.

இணையம் வருவதற்கு முன்பும் ரசிகர்கள் வெட்டத்தான் செய்தார்கள். கத்தரிக்கோலால் வெட்டினார்கள், ஆனால் கையெழுத்தையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். முடிதிருத்தும் கடைக் கண்ணாடியின் ஓரத்திலும், அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியிலும், தோட்டத்து வீடுகளின் பலகைச் சுவரிலும் பத்திரிகைப் படங்கள் ஆண்டுக்கணக்கில் மஞ்சளடித்து இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆனந்த விகடன் ஒரு வீட்டில் வாங்கப்பட்டு ஏழு வீட்டில் வாசிக்கப்பட்டது. அதில் வரைந்த கோபுலுவும் மதனும் அந்த ஏழு வீட்டிலும் சிரிக்க வைத்தார்கள். பணம் வந்தது ஒரு வீட்டிலிருந்துதான். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. இரவல் வாங்கிய இதழைத் திருப்பித் தராததைத்தான் சொன்னார்கள்.

மலேசியாவிலேயே பெரிய பெயர் வாங்கிய கேலிச்சித்திரக்காரர் லாட்டின் கதையைப் பார்த்தால், அந்தக் காலத்துக் கட்டுப்பாடு எவ்வளவு எளிமையானது என்று தெரியும். முகமது நோர் காலிட் என்ற லாட் 1951இல் பேராக்கில் பிறந்தவர். 13 வயதில், 1964இல், அவர் அனுப்பிய படங்களுக்கு ஒரு சினிமாப் பத்திரிகை கொடுத்த சன்மானம் சினிமா டிக்கெட். அதே ஆண்டு ‘தீகா செகாவான்’ என்ற அவருடைய முதல் படக்கதையைச் சினாரான் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அனுப்பியது பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு 25 வெள்ளி கொடுத்தார்கள். பதிப்பாளருக்கே படைத்தவர் யார் என்று சரியாகத் தெரியாத நிலை அன்றும் இருந்திருக்கிறது, ஆனால் அன்று காசு உரியவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. 1979இல் வந்த ‘கம்பொங் பாய்’ நூலின் முதல் பதிப்பு சில மாதங்களிலேயே தீர்ந்தது. பிறகு அவர் தம் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளவே ‘கம்பொங் பாய்’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் வைத்தார். லாட்டின் படத்தில் கையெழுத்தை வெட்டினாலும் அதிகம் கெடுவதில்லை. அந்த மூக்கையும் கலைந்த தலைமுடியையும் வேறு யாருடையது என்று சொல்லிவிட முடியாது. உள்ளூர்க் கணக்கெழுத்தருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய மூக்குகள் எல்லாருடைய மூக்குகளையும்போல்தான் இருக்கின்றன.

சட்டம் வரைந்தவருக்கு எதையும் குறைத்து வைக்கவில்லை. 25ஆம் பிரிவு இரண்டு காரியம் செய்கிறது. பெயர் போடாமல் படைப்பைக் காட்டுவதைத் தடுக்க வழி தருகிறது. படைத்தவரின் மானத்துக்கும் மரியாதைக்கும் குந்தகம் வரும்படி அதை வெட்டுவதையும் திருத்துவதையும் தடுக்கவும் வழி தருகிறது. மயிலிறகு ஒட்டுவது இதில் அடங்குமா என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். வரைந்தவரைக் கேட்டால் கட்டாயம் அடங்கும் என்பார். 41ஆம் பிரிவின்படி, உரிமை மீறிய ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். தாய்மாமாவின் குடும்பக் குழுவை இந்தக் கணக்கில் பெருக்கிப் பார்க்கிற மருமகன் யாரும் இன்னும் பிறக்கவில்லை.

அதே சட்டம் 13ஆம் பிரிவில் கதவைக் கொஞ்சம் திறந்தும் வைத்திருக்கிறது. ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம். பொதுவில் செய்தால் பெயர் போட வேண்டும். இன்னொரு விலக்கும் அங்கே இருக்கிறது. பகடிக்காகவும் கேலிச்சித்திரமாகவும் ஒரு படைப்பை எடுத்தாண்டால் உரிமை மீறல் ஆகாது. கேலிச்சித்திரக்காரர்கள் ஊரில் உள்ள எல்லாவற்றையும் தொட்டுக் கிண்டல் செய்ய வசதியாக வைத்த விலக்கு இது. அவருடைய படத்தையே இன்னொருவர் எடுத்துக் கேலி செய்தாலும் அதே விலக்குதான் குறுக்கே நிற்கும். தொழில் தர்மம் என்று இதை ஏற்றுக்கொள்கிற கேலிச்சித்திரக்காரர்களும் உண்டு. மற்றவர்கள் அந்தப் பிரிவு வரும்போது பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

இணையத்தில் உரிமை மீறிய படம் இருந்தால், சேவை நிறுவனத்துக்கு முறைப்படி அறிவிப்பு கொடுக்கலாம். கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அது படத்தை அகற்ற வேண்டும். முகநூல் பக்கத்துக்கு இது ஓரளவு பொருந்துகிறது. வாட்ஸ்அப்புக்குப் பொருந்துவதில்லை. 2016 முதல் அங்கே அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே எல்லாம் குறியாக்கப்பட்டே போகின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தாலேயே பார்க்க முடியாததை அகற்றச் சொல்ல முடியாது. ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம். அவ்வளவு பேர் கூடினால் அது குடும்பமா பொதுக்கூட்டமா என்பது நல்ல சட்டக் கேள்வி. கெப்பாலா பத்தாஸ் வழக்கப்படி அது குடும்பம்தான். பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் பெயர் தெரியாது, அவ்வளவுதான். 2019இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்குமேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. மறு ஆண்டு, பலமுறை கைமாறியவற்றை ஒவ்வொரு அரட்டையாகத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. பொய்ச் செய்தியைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. கேலிச்சித்திரக்காரருக்குத் தற்செயலாகக் கிடைத்த ஒரே காவல் இதுதான். ஓய்வுபெற்றவர்களுக்கு இது ஒரு தடையே அல்ல. அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

வெளிநாட்டில் இதே தலைவலிக்கு விதவிதமாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சன் 1985 முதல் 1995 வரை படம் போட்டார். பொம்மை, பனியன், கோப்பை என்று ஏறக்குறைய எதற்கும் அனுமதி தரவில்லை. விளைவு, கால்வின் சிறுநீர் கழிக்கிற மாதிரி யாரோ செய்த ஸ்டிக்கர் அமெரிக்கக் கார்களின் பின்கண்ணாடியில் எல்லாம் ஏறியது. அனுமதி பெற்ற பொருள் ஏறக்குறைய இல்லாத சந்தையில் அனுமதி பெறாத பொருள் மட்டும் ராஜாவாக உட்கார்ந்தது. மாத்யூ இன்மன் என்பவர் தம் படங்கள் ஒரு தளத்தில் பெயரில்லாமல் கிடப்பதைக் கண்டு சத்தம் போட்டார். 2012இல் அந்தத் தளத்தின் வழக்கறிஞர், இன்மன்தான் 20,000 டாலர் தர வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். பறிகொடுத்தவர் சத்தம் போட்டது காதுக்கு இடைஞ்சல் என்று புகார். இன்மன் ரசிகர்களிடம் நிதி திரட்டினார். 2 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. எல்லாவற்றையும் வனவிலங்கு அமைப்புக்கும் புற்றுநோய்ச் சங்கத்துக்கும் கொடுத்துவிட்டு, எதிர்த்தரப்பின் தாயாரும் கரடியும் வரும் ஒரு படத்தை அவர்களுக்கு வரைந்து அனுப்பினார். அந்தப் படத்தின் பதிப்புரிமை பற்றி யாரும் கேட்கவில்லை.

மாட் ஃபியூரியின் கதையில் சிரிப்பு குறைவு. 2005இல் அவர் வரைந்த பெப்பே என்ற சோம்பேறித் தவளையை ரசிகர்கள் கொண்டாடினார்கள், திருத்தினார்கள், முகம் மாற்றினார்கள். கைமாறிக் கைமாறி அது இனவெறியர்கள் கையில் சிக்கியது. 2016இல் அமெரிக்காவில் வெறுப்புச் சின்னங்களைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஃபியூரி மறு ஆண்டு தவளையைச் சவப்பெட்டியில் படுக்க வைத்து ஒரு படம் போட்டார், தவளை சாகவில்லை. பிறகுதான் வழக்கு, நோட்டீஸ் என்று இறங்கினார். 2019இல் ஒரு தரப்பு 15,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பெயர் போனதைவிடப் பொருள் மாறியதுதான் அவருக்கு நேர்ந்த கேடு. கணக்கெழுத்தரின் பக்தர் இன்னும் கழிவறையைத்தான் தேடுகிறார். அந்த மட்டில் அவர் அதிர்ஷ்டசாலி.

தாமாகவே கதவைத் திறந்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். ‘எக்ஸ்கேசிடி’ வரையும் ராண்டல் மன்ரோ, பகிருங்கள், விற்காதீர்கள் என்று உரிமத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ராமாயணத்தைக் கேலியும் கண்ணீருமாகப் படமாக்கிய நீனா பேலி, ‘சீதா சிங்ஸ் த ப்ளூஸ்’ படத்தில் பழைய பாடல்களைப் பயன்படுத்தியதற்காகக் கடன் வாங்கி உரிமைப்பணம் கட்டினார். அந்த எரிச்சலில் தம் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். சிவகாசி லயன், முத்து காமிக்ஸ் ரசிகர்களிடம் இந்தத் தாராளத்தை அப்படியே பொருத்த முடியாது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து முழுசாகப் பகிர்கிறவர்கள், பழைய புத்தகத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். ஒரு கட்டத்தைப் பகிர்வது சாம்பாரைக் கரண்டியில் எடுத்து ருசி பார்ப்பது. புத்தகத்தையே பகிர்வது அண்டாவோடு தூக்கிக்கொண்டு போவது. கிடைக்காத இதழுக்கு அந்த வாதம் கொஞ்சம் நிற்கும். போன மாதம் வந்த இதழுக்கு நிற்காது.

மலேசியாவில் இந்தக் கதவைத் திறந்து வைத்தவர்களில் முக்கியமானவர் ஸுனார். முழுப்பெயர் சுல்கிப்ளி அன்வார் உல்ஹாக். கெப்பாலா பத்தாஸுக்கு ஆறு தாண்டினால் வரும் கெடாவில் பிறந்தவர். 2010இல் அவருடைய நூல்கள் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் ‘கார்ட்டூன்-ஓ-ஃபோபியா’ நூலுக்காகத் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் கைதானார். போலீஸ் அச்சகங்களுக்குப் போயிற்று, புத்தகக் கடைகளுக்குப் போயிற்று. அச்சடிக்கப் பயப்படுகிற ஊரில் கேலிச்சித்திரக்காரருக்கு மிஞ்சுவது பகிர்கிற ரசிகர்தான். தம் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஸுனார் விட்டுவிட்டதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் தேவையில்லை. பூட்டி வைத்தால் ஒரு பூட்டை உடைத்தால் போதும். ஆயிரம் ஃபோனில் இருந்தால் ஆயிரம் ஃபோனைப் பிடுங்க வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு விசித்திரம் இங்கேதான் தெரிகிறது. படத்தைப் புகழ்ந்து அனுப்பும்போது கையெழுத்து தொலைந்துவிடுகிறது. வழக்கு என்று வந்தால் அது எப்படியோ பளிச்சென்று தெரிகிறது. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராகிமுக்கு எதிராக 2015 பிப்ரவரியில் வந்த தீர்ப்பைப் பற்றி ஸுனார் ட்விட்டரில் எழுதியவற்றுக்காக ஏப்ரலில் அவர்மேல் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எல்லாம் நிரூபணமாகியிருந்தால் 43 ஆண்டுவரை சிறை. 2018இல் ஆட்சி மாறியபின் வழக்குகள் கைவிடப்பட்டன. 2016 நவம்பரில் ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவில் நடந்த அவருடைய கண்காட்சிக்குள் ஒரு கும்பல் புகுந்து படங்களைச் சேதப்படுத்தியது. மறுநாள் கைது நடந்தது. கைதானவர் படம் வரைந்தவர். கும்பலில் வந்தவர்கள் படத்தை யார் வரைந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மூலையைப் பார்க்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கெப்பாலா பத்தாஸ்காரர்களுக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது 2021இல் நடந்தது. அந்த ஜனவரியில் கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி, மாநிலத்தில் தைப்பூசத்துக்கு விடப்படும் சிறப்பு விடுமுறையை ரத்து செய்தார். நோய்த்தொற்றுக் காலம் என்பது காரணம். மூடா ஆற்றுக்கு இந்தப் பக்கம் தைப்பூசத்துக்கு விடுமுறை, அந்தப் பக்கம் வேலை. தைப்பூச விடுமுறையை மந்திரி பெசார் கத்தியால் வெட்டுவதுபோல ஸுனார் ஒரு படம் போட்டார். தமிழர் குழுக்களில் அது போகாத இடமில்லை. மே மாதம் போலீஸ் அழைத்து வாக்குமூலம் வாங்கியது, வரைந்தவரிடம். அனுப்பிய மாமாக்களையும் சித்தப்பாக்களையும் யாரும் அழைக்கவில்லை. சிலருக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

வரைகலைஞர் பாமி ரேசாவின் முறை இன்னும் ஒரு படி மேலே. 2016 ஜனவரியில் பிரதமர் நஜிப்பின் முகத்தைக் கோமாளி முகமாக வரைந்து போட்டார். போலீஸ் அவர் கணக்கைக் கண்காணிப்பதாக எச்சரித்ததும், மற்ற ஓவியர்கள் ஆளுக்கொரு கோமாளி வரைந்து போட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு முகம் சுவரொட்டியாகவும் ஸ்டிக்கராகவும் பனியனாகவும் ஆனது. யாருடைய படம் என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போவதுதான் அங்கே நோக்கம். ஆனால் 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் தண்டித்தது பாமி ரேசாவை மட்டும். ஒரு மாதச் சிறை, 30,000 வெள்ளி அபராதம். பிறகு உயர்நீதிமன்றம் சிறையை நீக்கி அபராதத்தையும் குறைத்தது.

தமிழ்நாட்டிலும் நடைமுறை இதுவே. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக, சட்டமன்றம் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளில் விட்டார்கள். 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா, நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றி வரைந்த படத்துக்காகக் கைதானார். மறுநாள் ஜாமீன் கிடைப்பதற்குள், அந்தப் படத்தைக் கைதுக்கு முன்பு பார்க்காதவர்களும் பார்த்துவிட்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி சங்கிலியோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படத்துக்குப் பிறகு விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது. விகடன் தன் தளத்திலிருந்து எடுத்தது. கெப்பாலா பத்தாஸ் கோயில் குழு எடுக்கவில்லை. அதனிடம் நீதிமன்றம் கேட்கவும் இல்லை. உரிமையாளர் காட்ட முடியாத படத்தை ரசிகர் மட்டும் காட்டிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அனுமதி கேட்காமல் பகிர்கிறவர்களைப் பற்றி இக்கட்டுரையாளருக்குள்ள குறைகள் எல்லாம் அந்த வாரங்களில் கொஞ்சம் தணிந்தன. காப்புறுதி முகவரைப் பற்றிய குறை தணியவில்லை.

பெயரைக் காப்பாற்ற வரைபவர்கள் கையாளும் உத்திகள் சில உண்டு. படம் முழுக்க மங்கலாகப் பெயரைப் பரப்புவது ஒன்று. திருடனுக்கும் தொல்லை, பார்ப்பவருக்கும் தொல்லை. சின்ன அளவில் மட்டும் வெளியிடுவது இன்னொன்று. ரசிகர் அதைப் பெரிதாக்கி, ‘படம் தெளிவாக இல்லை, வரைந்தவர் கவனிக்கவும்’ என்று எழுதுவார். உருப்படியானது கையெழுத்தைக் காட்சிக்குள்ளேயே புதைப்பது. கடைப் பலகையில், கார் எண்பலகையில், பாத்திரத்தின் சட்டைப்பையில் எழுதிவிட்டால், வெட்டப் போகிறவர் ஆளையே வெட்ட வேண்டும். கணக்கெழுத்தர் இப்போது தம் பெயரைக் கதாநாயகனின் வேட்டிக் கரையில் எழுதுகிறார். வேட்டியை வெட்டிவிட்டுக் கோயில் குழுவில் படம் போட இதுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இந்த உத்தியும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 2023 ஜனவரியில் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் சாரா ஆண்டர்சன் இன்னும் இரு ஓவியர்களோடு சேர்ந்து, தங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக அத்தகைய நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டார். அவற்றிடம் ஒருவருடைய பாணியில் படம் கேட்டால் மூக்கும் வரும், முடியும் வரும். மாமாவாவது யாரோ ஒருவர் வரைந்தது என்று ஒப்புக்கொண்டார்.

இனி, உரிமை முடியும் காலம். மலேசியக் கேலிச்சித்திரக்காரர்கள் தங்கள் ‘பெங்குலு’ (தலைவர்) என்று அழைத்த ரெஜாபாட், பினாங்கு மாநிலத்துக்காரர். சிறுவன் லாட்டைக் கடிதம் மூலம் வளர்த்துவிட்டவர். 2002இல் காலமானார். இறந்த ஆண்டு முடிந்த பிறகுதான் 50 ஆண்டுக் கணக்கு தொடங்கும் என்பதால், அவர் படங்களின் உரிமை 2052 டிசம்பர் 31 வரை நிற்கும். 2053 ஜனவரி 1 முதல் அவற்றை யாரும் சட்டப்படியே பகிரலாம். இப்போது பகிர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தேதியால் பெரிய மாறுதல் இருக்காது.